நண்பகலில் விண்மீன்கள்

அஸ்கலான் கோட்டை மதிலில் எரிநெய் நிறைத்துத் திரி செருகிய தீக்கலயத்தை ஏந்தியபடி நிற்கிறான் ஜுபைர். எதிரே, எறிந்தால் எட்டும் தூரத்தில், கோட்டையைப் பிடிக்கச் சிலுவைப்போர்ப் பரங்கியர் உருட்டிவந்த மரக்கோபுரம். தீப்பிடிக்காதிருக்கக் காடியில் நனைத்து அதில் போர்த்திய தோலின் புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது. உச்சி வெயில் மங்கி மங்கி, சூரியன் கருவட்டமாகி, நண்பகலில் விண்மீன்கள் முளைத்துவிட்டன. கவண்கள் ஓய்ந்துவிட்டன. புறாக்கள் கூடு தேடித் தடுமாறுகின்றன. கீழே பரங்கியர் மண்டியிட்டுச் சிலுவைக்குறி இடுகிறார்கள். மதிலில் பாதிப்பேர் காவல் நிற்க, மீதிப்பேர் கிரகணத் தொழுகைக்கு வரிசை கட்டுகிறார்கள். "திரியப் பத்தவச்சு வீசுடா! இத விட்டா சிக்குவானுங்களா?" என்கிறார் பக்கத்தில் நிற்கும் ஹம்தூன். "அவங்களும் கும்பிட்டுக்கிட்டு இருக்காங்கண்ணே." ஹம்தூன் அண்ணாந்து பார்க்கிறார். குரல் இறங்கிவிடுகிறது. "சரி, நீ காவலுக்கு நில்லு. நான் தொழுதுட்டு வந்துர்றேன்." கோபுர உச்சியில் ஒரு பரங்கி தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். வியர்வையில் ஒட்டிய செம்பட்டை முடி, மூட மறந்த வாய். ஜுபைரைப் பார்த்து, விரலால் வானத்தைக் காட்டுகிறான், பார்த்தாயா என்பதுபோல. ஜுபைர் தலையசைக்கிறான். இருவரும் வாய்பிளந்து அண்ணாந்து நிற்கிறார்கள். கருவட்டத்தின் விளிம்பில் ஒரு துளி ஒளி கசிகிறது. பரங்கியர் பாசறையில் சேவல் கூவுகிறது. கோபுரத்துப் பரங்கி மெல்லத் தலைக்கவசத்தை மாட்டிக்கொள்கிறான், முகம் மறைகிறது. ஜுபைர் திரியைப் பற்றவைக்கிறான்.