முதல் மூச்சு

ஆய்வகத்தில் பழுது பார்க்கும் முன், அறையை அடைத்து வாயுவால் கிருமிகளைக் கொல்வதும், பின் அந்த வாயுவை வெளியேற்றிப் பச்சை விளக்கு போடுவதும் இயந்திரத்தின் வேலை. ஆனாலும் முதலில் ஒரு மனிதர் முகமூடியில்லாமல் உள்ளே போய் மூச்சிழுத்து, வாயு மிச்சமில்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டம். இங்கே அந்த மனிதர் ஜெசிந்தா.

அன்று விசிறியைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் பரிதி, முகமூடி மாட்டியும் வாசலிலேயே தயங்கினான். "வீட்டுல கைக்குழந்தை இருக்குக்கா."

"நான் கூப்பிட்டதும் வாங்க, போதும்."

பச்சை எரிந்ததும் உள்ளே போன ஜெசிந்தா இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து கதவை அடைத்தாள். கண்களில் நீர் கொட்டியது. வாயு இன்னும் மிச்சமிருந்தது.

இயந்திரம் திரும்ப ஓடியது. மறுபடியும் பச்சை எரிந்தது. அவள் எழுந்தாள்.

"திரும்பவுமாக்கா?" பரிதி பதறினான்.

"பின்னே, உங்கள எப்படி அனுப்புறது?"

சற்று நேரத்தில் அவள் குரல் உள்ளிருந்து தெளிவாகக் கேட்டது. "காத்து நல்லா இருக்கு, வாங்க தம்பி."

பரிதி தன் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான்.