ஞாபகம் இல்லாத பிரவுசர்

பக்கம் பாதியில் நின்றது.

ஸ்ரீலக்ஷ்மி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை நேரம் இருக்கிறது.

சமையல் மேடையில், மிக்ஸிக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவே அந்தப் பழைய லேப்டாப். இனி இதில் ஒன்றும் ஓடாது என்று அவள் கணவன் குருபிரசாத் பரணில் தூக்கிப் போட்டது. அவனுக்குத் தெரிந்த எதுவும் அதில் ஓடவில்லைதான்.

ஆயத் கொடுத்த பென்டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் ஒரு சின்ன லினக்ஸ் இருந்தது. அதற்குள், அதைவிடச் சின்னதாக ஒரு பிரவுசர்.

"எழுத்து வரும். படம், கலர் எதுவும் வராது. மத்ததெல்லாம் நீதான் ஓட்டிப் பாக்கணும்" என்று ஆயத் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரே பள்ளியில் கணக்கு டீச்சர்கள்.

போனில் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் போனில் எதைத் திறந்தாலும் அது அவன் போனிலும் தெரியும். வீட்டு வைஃபையும் அப்படித்தான். எதிர் ஃபிளாட் ஈவ்லின் ஆன்ட்டி தன் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டதும் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அது இந்த ஜன்னலோரம் மட்டும், ஒரே ஒரு கோடாக, எட்டியது.

கோத்தகிரியில் ஒரு பள்ளி. கணக்கு டீச்சர் வேலை. வளாகத்துக்குள்ளேயே வீடு. இன்று மதியத்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேலையும் வீடும் வேறு யாருக்கோ போய்விடும். பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும் என்று பள்ளியிலிருந்து ஆயத் மூலமாகச் சொல்லியிருந்தார்கள்.

பக்கம் மறுபடி நகர்ந்தது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின.

பச்சையாக எதுவும் இல்லை.

மேலே போனாள். கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள்.

"குரு, துண்டு எடுத்துண்டு போனியோ?"

கூடத்திலிருந்து மாமியார் ஜெயலக்ஷ்மியின் குரல். இடது மணிக்கட்டில் கட்டோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அதற்கு முன் ஸ்ரீலக்ஷ்மி விழுந்ததாகச் சொன்னதும் அதே குளியலறையில்தான்.

தண்ணீர் நின்றிருந்தது.

ஸ்ரீலக்ஷ்மி பிரவுசரின் உதவிப் பக்கத்தைத் திறந்து, பள்ளியின் பக்கத்தை அதன் பின்னால் மறைத்தாள்.

குருபிரசாத் ஈரத் தலையோடு வந்து நின்றான்.

"என்ன அது?"

"புதுசா ஒரு பிரவுசர். ஓடறதான்னு பாக்கறேன்."

"இந்த டப்பாலயா?"

சிரித்தான். அவள் மேடையிலிருந்து ஓர் எட்டு தள்ளி நின்றாள்.

குனிந்து, அதுவரை பார்த்த பக்கங்களின் வரிசையைத் தேடினான். அவன் முடியிலிருந்து ஒரு சொட்டு கீபோர்டில் விழுந்தது. வரிசை காலியாக இருந்தது.

"ஹிஸ்டரியே இல்லையே. சமத்தா அழிச்சுட்டியா?"

"அது எதையும் ஞாபகம் வெச்சுக்காது. அவ்ளோ சின்னது."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரையைப் பார்த்தான். உதவிப் பக்கத்தின் ஓரத்தில், பின்னாலிருந்த பக்கத்தின் நுனி மெல்லிய கோடாகத் தெரிந்தது. அவன் விரல் அதை நோக்கிப் போனது.

"அவளை அப்புறம் திட்டிக்கலாம் குரு. சந்தியாவந்தனத்துக்கு நாழியாறது" என்றாள் ஜெயலக்ஷ்மி. "ஆத்துக் காரியம் அத்தனையும் கிடக்கு, இவளுக்குப் பொட்டியே கதி."

விரல் நின்றது.

அவன் பென்டிரைவைப் பிடுங்கினான்.

"கண்டதை எல்லாம் செருகாதே."

அதைக் கைக்குள் மூடிக்கொண்டு போய்விட்டான். திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிடுங்கினால் எல்லாம் போய்விடும் என்பது அவன் கணக்கு.

எதுவும் போகவில்லை.

அந்தச் சின்ன லினக்ஸ், லேப்டாப் உயிர் பெற்றதுமே மொத்தமாக அதன் மெமரிக்குள் ஏறிக்கொள்ளும். கதவு பூட்டப்படுவதற்கு முன்பே சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போய்விட்ட ஆளைப் போல. பிறகு பென்டிரைவ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

பூஜை அறையிலிருந்து முணுமுணுப்பு தொடங்கியது.

உதவிப் பக்கத்தை விலக்கினாள். இன்னும் அதே பச்சையைத்தான் தேடினாள். சட்டென்று கை நின்றது. இந்தப் பிரவுசருக்குப் பச்சையே தெரியாது. கலர் எதுவும் வராது என்று ஆயத் முதலிலேயே சொன்னாளே.

இப்போது ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பள்ளியின் முகவரி. அலுவலக நேரம். வழிகாட்டி வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம். அதற்கும் கீழே, யாரும் கவனிக்காத இடத்தில் நிற்பதுபோல் ஒரு சாதாரணச் சொல்.

சம்மதம்.

அழுத்தினாள்.

திரை வெள்ளையானது. வெள்ளையாகவே இருந்தது. வைஃபையின் ஒற்றைக் கோடு ஒருமுறை மறைந்து திரும்பியது. வெளியே மந்தைவெளி சிக்னலில் ஏதோ ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. பூஜை அறையில் மணி ஒலித்தது. பூஜை முடிந்து அவன் எழுந்திருக்கும் நேரம்.

ஒரு வரி வந்தது.

*உங்கள் சம்மதம் கிடைத்தது. வீடு ஒதுக்கப்பட்டுள்ளது.*

அவள் பவர் பட்டனை அழுத்தி, திரை இருளும்வரை விரலை எடுக்கவில்லை. இனி யார் திறந்தாலும் அதற்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

ஜெயலக்ஷ்மி கீரைத் தட்டோடு உள்ளே வந்தாள். தொட்டியில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். அந்த இரைச்சலுக்குள், திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"கிடைச்சுதா?"

ஸ்ரீலக்ஷ்மி தலையசைத்தாள்.

"கீழ்ப் போர்ஷன்தானே கேட்டே? மாடின்னா என் முட்டி ஒத்துக்காது."