செம்பருத்திக்கு ஊற்றிய சலைன்

சலைன் பாட்டிலின் கழுத்தைப் பேனாக்கத்தியால் அறுத்து, தையல்காரர் அந்தத் தண்ணீரைச் செம்பருத்தியின் வேரில் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தினமும் இதுல ஊத்திட்டுப் போறது நீங்கதானா?"

ஆஸ்பத்திரித் தோட்டக்காரி பின்னால் நின்றிருந்தாள். அவர் எழுந்தார். பயமோ வெட்கமோ ஒன்றும் வரவில்லை.

அவள் திட்டவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கிளறினாள். மேல்மண் வெள்ளை பூத்திருந்தது. இலைகள் ஓரம் கருகித் தொங்கின.

ஒரு வேரை நகத்தால் தூக்கிக் காட்டினாள். நுனியில் பூனைமயிர் மாதிரி இருப்பதுதான் தண்ணீரைக் குடிக்கிறதாம். மண்ணின் சத்தும் அதன் வழியாகத்தான் மேலே ஏறுகிறதாம். வேருக்குள் இருப்பதைவிட மண்ணில் உப்பு கூடிவிட்டால் எல்லாம் தலைகீழ். வேர் குடிப்பது போய், வேரில் இருப்பதையும் மண் இழுத்துக்கொள்ளும்.

"சலைன்னா உப்புத் தண்ணிங்க ஐயா. பாவம், ஈரத்துல நின்னுக்கிட்டே காயுது."

அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"பெட்டியோட வாங்கினது. மிச்சம் இருந்துச்சு. கீழ கொட்ட மனசு வரல."

அவளுக்கு அப்போதுதான் ஆள் அடையாளம் தெரிந்தது. "ஜன்னலோரக் கட்டில் அம்மா வீட்டுக்காரர்தானே நீங்க? படுத்துக்கிட்டே இந்தப் பூவை எண்ணுவாங்களே! எப்படி இருக்காங்க?"

"கூட்டிட்டுப் போயி மூணு வாரம் ஆச்சும்மா."

"அப்பாடா! இனி வீட்டுச் சாப்பாடு. சீக்கிரம் தேறிடுவாங்க."

அவர் தலையாட்டினார். கூட்டிக்கொண்டு போனது வீட்டுக்கல்ல, சுடுகாட்டுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் குழாயடிக்குப் போய்விட்டாள்.

ரப்பர் குழாயை இழுத்து வந்து, கேட்காமலேயே அவர் கையில் திணித்தாள்.

"உப்பு கரைஞ்சு கீழ இறங்கணும். நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

தண்ணீர் வந்தது. அவள் அடுத்த பாத்திக்குக் களை பிடுங்கப் போனாள்.

இந்த மூன்று வாரமும் கடையை மகன்தான் திறக்கிறான். அவர் குடித்த டம்ளரைக்கூட மருமகள் கழுவ விடுவதில்லை. யார் வந்தாலும், "நீங்க சும்மா உட்காருங்க" என்கிறார்கள்.

அவர் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவள் "போதும்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் விடுறேனே" என்றார் தையல்காரர்.