என்ன ஓடுது?

பாஸ்டனிலிருந்து அந்த டென்னசி மலையூர் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்றே நாளாகியிருந்த டாக்டர் கிளேர், முதியோருக்கான மனநலப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுபது வயது ஹாலிஸ் டாக்கெட்டிடம் கேட்டார்.

“இப்பல்லாம் மனசுல என்ன ஓடுது, ஐயா?”

ஹாலிஸ் கண்ணை மூடிக்கொண்டார். “பொண்டாட்டி ஓடிப் போயிட்டா, டாக்டரம்மா. என் உயிர் சிநேகிதனோட.”

“அடடா! எப்ப?”

“மழை கொட்டுற ஒரு ராத்திரி. அதே வாரம் நாயும் செத்துப் போச்சு.”

“வீட்ல துணைக்கு யாரு?”

“விஸ்கி பாட்டில்தான். அதுவும் காலி. விடிஞ்சா ரயிலேறி எங்கேயாவது போயிடுவேன். அந்தச் சத்தம் இப்பவே காதுல கேக்குது.”

அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. கிளேர் பதறிப்போய், ‘தனியே விடக் கூடாது. உடனே அட்மிட்’ என்று எழுதும்போது கதவு திறந்தது. வெள்ளைத்தலை அம்மாள் ஒருவர், இடுப்பில் நாயோடு நின்றார்.

“முட்டிவலிக்கு ஒரு ஊசி போட இவ்வளவு நேரமா?”

“நீங்க யாரும்மா?”

“இவரோட பொண்டாட்டி, ஓபல்.”

“நீங்க ஓடிப் போயிட்டதா சொன்னாரே!”

“அட, அது காலையில போட்ட ரெக்கார்டு! எல்லாம் இப்படி அழுகைக் கதையா இருக்குமே, அந்தப் பழைய கன்ட்ரி பாட்டுன்னா ஏழு வயசுலேருந்து இவருக்குப் பைத்தியம்.”

“மனசுல என்ன ஓடுதுன்னு கேட்டாங்க, சொன்னேன்” என்றார் ஹாலிஸ், ரோஷமாக.

ஓபல் நாயை இறக்கிவிட்டார். “நல்லவேளை, ரெண்டாம் பக்கம் ஓடியிருக்கு, டாக்டர். முதல் பக்கத்துல என்னைச் சுட்டுட்டு ஜெயிலுக்குப் போயிடுவார்.”