அஞ்சாவது ரேஸ் மட்டும் காலி

"மிஸ்டர் லிண்டோ, அஞ்சாவது ரேஸுக்கு எந்தக் குதிரைன்னு எழுதவே இல்லையே! மறந்துட்டீங்களா?"

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வின்சம், தாளை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"மறக்கலை மிஸ் வின்சம். எழுதியிருக்கேன், படிங்க."

படித்தாள். 'ஐந்தாவது ரேஸ்: பந்தயம் கட்டாதீர்கள். அந்தக் காசுக்கு வறுத்த மீனும் பாமி ரொட்டியும் வாங்கிச் சாப்பிடுங்கள்.'

"விளையாடறீங்களா? நாளைக்கு வருஷத்தோட கடைசி ரேஸ் நாள். யாரு அதிகமா ஜெயிக்கிற குதிரையைச் சொன்னாங்கன்னு கோப்பை குடுக்கப் போறாங்க. நீங்களும் ரேடியோவுல குதிரை சொல்ற அந்த ஆளு பிரைஸும் இருநூத்திப் பன்னெண்டுல சமமா நிக்கறீங்க. சமமாவே முடிஞ்சா, போன வருஷம் வாங்கின அவனுக்கேதான் கோப்பை. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

தொப்பியை மாட்டிக்கொண்டு மனுஷன் நடையைக் கட்டிவிட்டார்.

எக்பர்ட் லிண்டோ லேசுப்பட்ட ஆளில்லை. முப்பத்தோரு வருஷமாக, பொழுது விடியும்போதே மைதானத்து வேலியில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு குதிரையின் ஓட்டத்தையும் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். கிங்ஸ்டனில் பஸ் டிரைவர் முதல் பாதிரியார் வரை அவர் எழுதுவதைப் படிக்காமல் பந்தயம் கட்டமாட்டார்கள். பாதிரியார் மட்டும் படித்ததாகச் சொல்லமாட்டார். குதிரை வைத்திருக்கும் பெரிய முதலாளிகளுக்கும் அதுதான் வேதம். இருந்தும் அந்தக் கோப்பை ஒருமுறைகூட அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வரிசையில் உட்காரும்போதே பிரைஸ் ஆரம்பித்துவிட்டான்.

"என்ன பெரியவரே, அஞ்சாவது ரேஸ்ல கால் நடுங்கிடுச்சாமே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

எல்லாரும் சிரித்தார்கள். லிண்டோவும் சிரித்தார். வின்சமுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அஞ்சாவது, விலைப் பந்தயம். ஓடுகிற குதிரை எல்லாவற்றுக்கும் ஒரே விலை. பிடித்திருந்தால் வேறு குதிரைக்காரர் யாரும் ரேஸுக்கு முன்பே சீட்டெழுதிப் பெட்டியில் போடலாம். ரேஸ் முடிந்ததும் அந்த விலைக்குக் குதிரை அவருக்கு. தரமாட்டேன் என்று சொந்தக்காரர் வாயைத் திறக்க முடியாது. பெரிய ரேஸில் ஓடும் தகுதியில்லாத குதிரைக்கு இதை விட்டால் வேறு வழியும் கிடையாது.

குதிரைகளை அடைத்து நிறுத்தியிருந்த கதவு திறந்தது. யாருமே சட்டை செய்யாத 'மிஸ் பேஷன்ஸ்' என்ற ஏழு வயதுப் பெண் குதிரை, கடைசித் திருப்பத்தில் எல்லாரையும் ஓரங்கட்டிவிட்டு நாலு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது! பிரைஸ் சொன்ன குதிரை நாலாவது.

"ஐயோ, இதை மட்டும் எழுதியிருந்தீங்கன்னா!" வின்சம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்லா ஓடிச்சு, இல்ல?" என்றார் லிண்டோ, அவ்வளவுதான்.

ஒன்பது ரேஸும் முடிந்தன. இருவருக்கும் அன்று நாலு நாலு. சமம். கோப்பை மறுபடி பிரைஸுக்கே. லிண்டோ அவன் கையைக் குலுக்கிவிட்டு, கீழே இறங்கிப் போனார்.

அவர் இருக்கையில் அவருடைய ரேஸ் அட்டை கிடந்தது. வின்சம் எடுத்துப் பிரித்தாள். ஒவ்வொரு ரேஸிலும் ஒரு பெயரைச் சுற்றி ஒரு வட்டம். அஞ்சாவதில் 'மிஸ் பேஷன்ஸ்'. அதைச் சுற்றி மூன்று வட்டம்! பக்கத்தில் முந்தின வார தேதி.

அடப்பாவி! தெரிந்தேதான் மறைத்திருக்கிறார். எவனிடமோ காசு வாங்கிவிட்டாரா? முப்பத்தோரு வருஷத்துப் பேரை இப்படியா விற்பது?

அட்டையும் கையுமாகக் குதிரை லாயத்துக்கு ஓடினாள்.

அங்கே மிஸ் பேஷன்ஸைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் அதன் சொந்தக்காரி இயோனி பின்னாக். குதிரைக்கு எஜமானியும் அவள்தான், பழக்குகிறவளும் அவள்தான், சாணி அள்ளுகிறவளும் அவள்தான். லிண்டோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், உங்க ஆளு லட்சணத்தைப் பாருங்க! என் பொண்ணைப் பத்தி ஒரு வரி எழுதலை. தினம் காலையில வேலியில நின்னு என்னத்தைப் பார்த்தாராம்?"

"நானும் அதைத்தான் கேட்க வந்தேன்" என்றாள் வின்சம்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லாம் நல்லதுக்குத்தான். போன வருஷம் என் பழைய குதிரையைப் பத்தி இவர் ஆகா ஓகோன்னு எழுதினாரு. அன்னிக்கே மூணு முதலாளிங்க சீட்டுப் போட்டாங்க. குலுக்கல்ல ஜெயிச்சவரு என் கண்ணு முன்னாடியே அதை இழுத்துட்டுப் போனாரு. கயிறு மட்டும்தான் என் கையில மிஞ்சிச்சு. இப்ப எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இவளை வெச்சுத்தான் அடுப்பே எரியுது. இன்னிக்குப் பெட்டியைத் திறந்தா ஒரு சீட்டு இல்லை மேடம், ஒரு சீட்டு இல்லை! ஜெயிச்ச குதிரையை நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

இயோனி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

"இவருக்குக் கண்ணு மங்கினது என் அதிர்ஷ்டம்!"

வின்சம் கையிலிருந்த அட்டையை நாலாக மடித்து, சத்தமில்லாமல் கைப்பைக்குள் தள்ளினாள்.

"ஆமா இயோனி," என்றார் லிண்டோ, தொப்பியை மாட்டிக்கொண்டே. "கண்ணாடி மாத்தணும்."