சின்னுசாமிக்குப் புகை ஆகாது

அடுப்பு பிடிக்கமாட்டேன் என்றது.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் நனைந்த பருத்திமார் விறகு, எப்படிப் பிடிக்கும்? அங்கம்மாள் ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதினாள். நெருப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. புகைதான் தாராளமாக வந்தது.

வாசலில் அவள் புருஷன் சின்னுசாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் மகாராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தான். பின்னே? காலையில் சேந்தமங்கலத்து டாக்டர் அவன் முதுகிலும் மார்பிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பீடி குடித்துக் கெட்ட நெஞ்சு, இனி ஒரு பொட்டுப் புகை ஆகாது என்று சொல்லியிருக்கிறாரே. எக்ஸ்ரே வேறு எடுத்தார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஊருக்கே காட்டியாகிவிட்டது.

பீடிக்கட்டை டாக்டர் கண்ணெதிரிலேயே குப்பைக்கூடையில் எறிந்தான் சின்னுசாமி. நர்ஸம்மா கைதட்டாத குறை.

சாயந்திரம் பங்காளிகள் வந்து, ஆம்பளை என்றால் இப்படி ஒரு வைராக்கியம் வேண்டும் என்று மெச்சினார்கள். சும்மா மெச்சினால் ஆயிற்றா? அவர்களுக்குக் காப்பி வைக்க அங்கம்மாள் இன்னொரு தரம் அடுப்பை மூட்டினாள்.

டாக்டரைக் குறை சொல்லக்கூடாது. அங்கம்மாளையும் அவர் விட்டுவிடவில்லை. நீ பீடி, சுருட்டு ஏதாவது குடிப்பாயா அம்மா என்று கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் காணோம். பீடி குடிக்காத பொம்பளைக்கு நெஞ்சில் என்ன வந்துவிடப் போகிறது, நரம்புத் தளர்ச்சிதான் என்று சத்து மாத்திரை கொடுத்தார்.

கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். வீட்டுக்காரருக்குக் குடிக்க வெந்நீர், குளிக்க வெந்நீர், படுக்கப் போகும் முன் ஆவி பிடிக்க வெந்நீர். பச்சைத்தண்ணீர் பட்டால் அவருக்கு இழுப்பு வந்துவிடுமாம்.

அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. அது கொதித்தாக வேண்டும்.

மறுபடி ஊதக் குனிந்தாள். மூச்சை உள்ளே இழுத்தால் இழுபடவில்லை. இப்படியே போய்விடுவோமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்படிக் கதவை அகலத் திறந்து, நிலையில் சாய்ந்து, வாசல் காற்றை வாயால் வாங்கினாள்.

அவள் பின்னாலேயே புகையும் வெளியே வந்தது. சின்னுசாமி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

“டாக்டர் சொன்னாருல்ல புள்ள, எனக்குப் பொகை ஆவாதுன்னு. உள்ள போயிக் கதவச் சாத்திக்க.”

கோபமாகச் சொல்லவில்லை, பாவம். வைத்தியத்தைக் கடைப்பிடிக்கிற மனுஷன்.

அங்கம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

காலையில் மூச்சு விட முடியாமல் கிடக்கிறாளே என்று, வண்டி கட்டி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனது அவளைத்தான். துணைக்குப் போன சின்னுசாமி அங்கே ஒரு தரம் இருமினான், அவ்வளவுதான்.