மூடியே கிடக்கட்டும்!

"மூடியே கிடக்கட்டும்! செலவைக் குறைக்கிற வரைக்கும் ஒரு ஆபீஸையும் திறக்கக் கூடாது!"

வாலஸ் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். கிளீவ்லாந்தில் லொரெய்ன் நடத்தும் அந்தச் சின்ன ஓட்டலில் காபியோடு தினமும் இந்தக் கச்சேரியும் உண்டு. பிளம்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தொண்டைக்கு மட்டும் ஓய்வு இல்லை.

செலவு மசோதாவில் இரண்டு கட்சியும் முறைத்துக்கொண்டு நிற்க, அமெரிக்க அரசாங்கம் ஆபீஸ்களை மூடி அன்றோடு முப்பத்து நாலு நாள்.

"முப்பத்தெட்டு லட்சம் கோடி டாலர் கடன்! இன்னிக்குப் பிறந்த குழந்தை தலையிலகூட லட்சம் டாலருக்கு மேல! இதுல திருட்டு வேற. இந்தத் தெருவுல இந்த வாரம் மட்டும் நாலு கார் கண்ணாடியை உடைச்சிருக்கான். பிடிச்சாலும் மறுநாளே விட்டுடறாங்க."

"கொஞ்சம் மெதுவா," என்று லொரெய்ன் கண்ணைக் காட்டினாள்.

பக்கத்து ஸ்டூலில் டெனிஷா உட்கார்ந்திருந்தாள். விமான நிலையத்தில் பயணிகளைச் சோதனை போடும் வேலை. அரசாங்கம் மூடினாலும் அவள் போயே ஆக வேண்டும். சம்பளம் மட்டும் திறந்த பிறகுதான். உடைந்த நாலு கண்ணாடியில் ஒன்று அவள் காருடையது. கொட்டுகிற பனியில் பிளாஸ்டிக் ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வெறும் காபி குடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் லொரெய்ன் ஒரு தட்டு முட்டையும் ரொட்டியும் வைத்தாள்.

"வேண்டாம் லொரெய்ன். காசு இருக்கறப்போ சாப்பிடறேன்."

"இலவசமாப் போட்டுப் போட்டுத்தான் நாடே இப்படி ஆச்சு," என்றார் வாலஸ்.

மனுஷனா இவர் என்று லொரெய்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாலஸ் டெனிஷா பக்கம் திரும்பினார். "சம்பளம் வந்து எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"அப்படியும் போறே?"

"இன்னிக்குக் கடைசி. ராஜினாமா எழுதிட்டேன். பதினோரு வருஷ சர்வீஸ் சார். என்ன பண்ண? பெட்ரோல் போடவே வழியில்லை. குடோன்ல பெட்டி அடுக்கப் போறேன்."

"விமான நிலையத்துல ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?"

"வாலஸ்! அவளைக் குடைஞ்சது போதும்!"

"உன்னையா கேட்டேன்? எவ்வளவும்மா?"

"நூத்தி எண்பது," என்றாள் டெனிஷா, பல்லைக் கடித்துக்கொண்டு.

வாலஸ் கோட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். மேலே இருந்த விலாசத்தை லொரெய்ன் எட்டிப் பார்த்தாள்.

"நிதித்துறைக்கா? இது வரி கட்டற மாசம்கூட இல்லையே?"

"நாட்டுக் கடனை அடைக்க. யார் வேணா அனுப்பலாம். நான் ஒன்பது வருஷமா மாசம் இருநூறு அனுப்பறேன்."

லொரெய்ன் காபிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டாள். "விடிஞ்சா எழுந்தா அரசாங்கத்தைத் திட்டறே. அதுக்கே பணமும் அனுப்பறியா? எனக்குத் தலை சுத்துதுப்பா."

"திட்டறது அவங்க செலவை. கடன் நம்மளோடது."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அதற்குள் அவர் கவரைப் பிரித்து உள்ளே இருந்த செக்கை நாலாகக் கிழித்துப் போட்டார். இவருக்கு என்ன ஆச்சு என்று டெனிஷாவும் விழித்தாள். செக் புத்தகத்தை எடுத்தார். புதிதாக ஒன்று எழுதி அவள் முன்னால் தள்ளினார். தொள்ளாயிரம் டாலர்.

டெனிஷாவின் முகம் சிவந்தது. "எனக்கு யார் தர்மமும் வேண்டாம் சார்."

"தர்மமா? இனாம்னாலே எனக்கு ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். இது அஞ்சு நாள் கூலி. முதல்ல கண்ணாடியைப் போடு. ராஜினாமாவைக் கிழி."

"அப்போ மூடியே கிடக்கட்டும்னு எதுக்குக் கத்தினீங்க?" கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். ஆனா வேலை வாங்கிட்டுக் கூலி குடுக்கலைன்னா அதுக்குப் பேர் திருட்டு. அரசாங்கம் நடக்கறது என் பேர்லதானே? வாங்கிக்கம்மா... இந்த வயசுல என்னைத் திருடனாக்காதே."